பார்வையின் எல்லை: புஸ்தாத்தின் ஜன்னலும் பேர்மிங்ஹாமின் கமராக்களும்

2010 ஆம் ஆண்டின் கோடை காலத்தில் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் ஒரு புதினம் நடந்தது. ஸ்பார்க்புரூக், வொஷ்வூட் ஹீத் ஆகிய இரண்டு பகுதிகளிலும் தெருவோரக் கம்பங்களில் புத்தம் புதிதாகப் பூட்டப்பட்டிருந்த கமராக்களைப் பொலிஸாரே பிளாஸ்டிக் பைகளால் மூடிக் கட்டினார்கள். கோடிக்கணக்கில் செலவழித்து வாங்கிய கண்களை வாங்கியவர்களே கட்டிவிட்டார்கள். அடுத்த ஆண்டு அந்தக் கமராக்கள் எல்லாம் கழற்றப்பட்டன. ஒரு நாள்கூட அவை இயங்கவில்லை.

அந்த இரண்டு பகுதிகளிலும் வாழ்பவர்களில் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள் என்பதனால் இது நாம் வாசிக்க வேண்டிய வரலாறாகிறது. பாதுகாப்புக்கும் அந்தரங்கத்துக்கும் இடையே கோடு எங்கே விழ வேண்டும் என்ற கேள்வி அங்கே ஒரு முஸ்லிம் மஹல்லாவின் தெருவில் வைத்துக் கேட்கப்பட்டது. ஆனால் அந்தக் கேள்வி முஸ்லிம்களுக்குப் புதிதல்ல. கமரா பிறப்பதற்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே நமது முன்னோர் அதற்கு அளவுகோல் வைத்திருந்தார்கள். இந்த இரண்டு வரலாறுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கமராவின் நாடு

பொது இடங்களில் கமரா பூட்டும் வழக்கம் பிரித்தானியாவில் பரவியதற்கு முஸ்லிம்கள் காரணமல்ல. ஆரம்பத்தில் அங்கு அச்சம் அயர்லாந்துக் குடியரசுப் படையின் குண்டுகளாகவே இருந்தது. 1984 இல் பிரைட்டன் நகரில் ஆளும் கட்சியின் மாநாட்டு ஹோட்டலில் குண்டு வெடித்தது. மறு ஆண்டு போர்ண்மவுத் நகரக் கடற்கரையில் கமராக்கள் வந்தன. 1993 பெப்ரவரியில் லிவர்பூலுக்கு அருகே கடைத்தொகுதியொன்றில் இரண்டு வயதுக் குழந்தையொன்றை இரண்டு சிறுவர்கள் கூட்டிக்கொண்டு போகும் காட்சி கமராவில் பதிந்திருந்தது. அந்தக் குழந்தை பிறகு கொலை செய்யப்பட்ட நிலையில் கண்டெடுக்கப்பட்டது. அந்தக் காட்சி தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டபின் கமராவை எதிர்த்துப் பேச அந்நாட்டில் ஆளில்லாமல் போயிற்று. 1990களின் பிற்பகுதியில் உள்துறை அமைச்சு குற்றத் தடுப்புக்கென ஒதுக்கிய பணத்தில் முக்கால் பங்குக்கு மேல் கமராவுக்கே போனது.

1993 ஏப்ரலில் லண்டன் வர்த்தக மையமான பிஷப்ஸ்கேற்றில் பெரும் லொறிக் குண்டு வெடித்தது. அதன்பின் அந்தச் சதுர மைல் வட்டாரத்துக்குள் நுழையும் பாதைகளில் காவலரண்களும் கமராக்களும் வைக்கப்பட்டன. மக்கள் அதனை 'உருக்கு வளையம்' என்று அழைத்தார்கள். 1997 முதல் அவ்விடத்துக் கமராக்கள் வாகன இலக்கத் தகட்டைத் தாமாகவே வாசிக்கத் தொடங்கின. இந்தத் தொழில்நுட்பம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கமரா தகட்டைப் படம் பிடிக்கிறது. கணினி அந்த எழுத்தையும் இலக்கத்தையும் வாசிக்கிறது. தேடப்படும் வாகனங்களின் பட்டியலோடு ஒப்பிடுகிறது. பட்டியலில் இல்லாத வாகனத்தையும் அது விட்டுவிடுவதில்லை. எந்த இடத்தில், எந்த நேரத்தில் போனது என்று எழுதிச் சேமித்து வைக்கிறது. குற்றவாளியைப் பிடிக்கும் கருவி என்று சொன்னாலும் குற்றமற்றவர்களின் நடமாட்டந்தான் அதன் களஞ்சியத்தில் மிகுதி.

நியாயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். கமரா முஸ்லிம்களுக்கும் உதவியிருக்கிறது. 1999 ஏப்ரலில் டேவிட் கோப்லன்ட் என்ற நவநாஜி இளைஞன் லண்டனில் ஆணிக் குண்டுகள் வைத்தான். முதலாவது கறுப்பினத்தார் வாழும் பிரிக்ஸ்டனில். இரண்டாவது வங்காள முஸ்லிம்கள் செறிந்து வாழும் பிரிக் லேனில். பிரிக்ஸ்டன் கமராவில் பதிந்த அவனது உருவத்தை 29 ஆந் திகதி பொலிஸார் வெளியிட்டார்கள். மறுநாள் அவனோடு வேலை செய்த ஒருவர் அடையாளம் கண்டு தகவல் கொடுத்தார். ஆனால் பொலிஸார் அவனை அடைய முன்னரே, அன்று மாலை, மூன்றாவது குண்டு சோஹோவில் வெடித்து மூவர் இறந்தார்கள். அன்றிரவு அவன் கைதானான். கமரா என்ன செய்யும், என்ன செய்யாது என்பதற்கு இந்த ஒரு சம்பவம் போதும். நடந்ததை யார் செய்தது என்று காட்டும். நடக்கப்போவதைத் தடுக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மார்ட்டின் கில், ஆஞ்சலா ஸ்ப்ரிக்ஸ் இருவரும் உள்துறை அமைச்சுக்காகச் செய்து 2005 இல் வெளியான ஆய்வும் இதற்கு நெருக்கமான முடிவையே தந்தது. வாகனத் தரிப்பிடங்களில் கமரா நல்ல பலன் தந்திருந்தது. நகர மையங்களிலும் குடியிருப்புகளிலும் குற்றம் குறைந்ததற்குப் பெரிதாகச் சான்று கிடைக்கவில்லை.

ஸ்பார்க்புரூக்கில் வளையம்

ஸ்பார்க்புரூக் சந்தேகத்தை முதன்முறையாகக் கண்டது 2010 இல் அல்ல. ஜோன் ரெக்ஸ், ரொபர்ட் மூர் ஆகிய சமூகவியலாளர்கள் அப்பகுதியைப் பற்றி 1967 இல் எழுதிய நூல் புகழ்பெற்றது. அந்த நாளில் அங்கே அயர்லாந்துக்காரரும் பாகிஸ்தானியரும் மேற்கிந்தியரும் அயலவர்களாக வாழ்ந்தார்கள். 1974 நவம்பர் 21 இல் பேர்மிங்ஹாமின் இரண்டு மதுச்சாலைகளில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். எட்டே நாளில் பயங்கரவாதத் தடைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அயர்லாந்து வம்சாவளியினர் என்றாலே சந்தேகம் என்ற நிலை வந்தது. அந்தக் குண்டுவெடிப்புக்காக ஆயுள் தண்டனை பெற்ற ஆறு பேரும் நிரபராதிகள் என்று நீதிமன்றம் சொல்லி விடுவித்தது 1991 மார்ச்சில். இடையில் பதினாறு ஆண்டுகள் சிறையில் போய்விட்டன. ஒரு சமூகத்தை மொத்தமாகச் சந்தேகிப்பது அப்பாவியையும் சிறையில் போடும், உண்மையான குற்றவாளியையும் தப்பவிடும் என்பதைப் பேர்மிங்ஹாம் தன் அனுபவத்திலேயே கண்டிருந்தது.

காலம் போனது. அயர்லாந்துக்காரரின் இடத்தில் மீர்பூர், காஷ்மீர்ப் பகுதிகளிலிருந்து வந்த முஸ்லிம்கள் பெருகினார்கள். மங்களா அணைக்கட்டுக்காக 1960களில் நிலமிழந்த பலர் பிரித்தானியத் தொழிற்சாலைகளுக்கு வந்தவர்கள். 2011 குடிசன மதிப்பின்படி பேர்மிங்ஹாம் மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் முஸ்லிம்கள்.

2005 ஜூலை 7 இல் லண்டனில் நான்கு இளைஞர்கள் தற்கொலைக் குண்டுகளை வெடிக்கவைத்து 52 பேரைக் கொன்றார்கள். 2007 ஆரம்பத்தில் முஸ்லிம் படைவீரர் ஒருவரைக் கடத்திக் கொல்லத் திட்டமிட்டதாகப் பேர்மிங்ஹாமில் சிலர் கைதானார்கள். அச்சத்துக்குக் காரணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இந்தப் பின்னணியில்தான் மேற்கு மிட்லண்ட்ஸ் பொலிஸின் பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவு 'சம்பியன் திட்டம்' என்ற ஒன்றை வகுத்தது. மூன்று மில்லியன் பவுண் பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து வந்தது. மொத்தம் 218 கமராக்கள். பெரும்பாலானவை வாகனத் தகடு வாசிப்பவை. அவற்றில் 72 கமராக்கள் மறைவாக வைக்கப்பட வேண்டியவை. இரண்டு பகுதிகளையும் சுற்றி வளையம்போல இவை நிறுத்தப்பட்டன. ஒருவர் வேலைக்குப் போனாலும், சுபஹுக்குப் பள்ளிக்குப் போய் வந்தாலும், மையத்து வீட்டுக்குப் போனாலும், வாகனத்தில் போனால் பதிவில் விழாமல் உள்ளே வரவோ வெளியே போகவோ ஏலாது.

இந்த இடத்தில் லண்டன் வளையத்தையும் பேர்மிங்ஹாம் வளையத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கருவி ஒன்றுதான். ஆனால் லண்டன் வளையம் உள்ளே இருப்பவர்களை வெளியே இருந்து வரும் ஆபத்திலிருந்து காத்தது. பேர்மிங்ஹாம் வளையமோ உள்ளே இருப்பவர்களையே ஆபத்தாகக் கருதி, வெளியே இருப்பவர்களைக் காக்க வைக்கப்பட்டது. அங்கே வட்டத்துக்குள் இருந்தவை வங்கிகள். இங்கே வட்டத்துக்குள் இருந்தவை வீடுகளும் பிள்ளைகளும்.

இதைவிட மோசமானது சொன்ன முறை. நகர சபை உறுப்பினர்களுக்கும் ஊராருக்கும் இது களவு, வாகனக் குற்றம், தெருக் குழப்பம் ஆகியவற்றைக் குறைக்கும் திட்டம் என்றே அறிமுகமானது. பொலிஸும் நகர சபையும் சேர்ந்த பாதுகாப்புக் கூட்டமைப்பொன்றின் பெயர் முன்னால் நின்றது. பணம் எங்கிருந்து வந்தது, யாருடைய யோசனை என்பது பின்னால் நின்றது. 2010 இல் புதிய கம்பங்களைக் கண்ட உள்ளூர்வாசிகள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். ஜூன் மாதம் 'த கார்டியன்' பத்திரிகை உண்மையை வெளியிட்டது. கூட்டங்கள் கூடின. முஸ்லிம்களோடு முஸ்லிமல்லாத அயலவர்களும் சேர்ந்துகொண்டார்கள். 'லிபர்ட்டி' என்ற மனித உரிமை அமைப்பு, தனிப்பட்ட வாழ்வுக்கு மதிப்பளிக்கும் உரிமையை முன்வைத்து நீதிமன்றம் செல்வதாக அறிவித்தது. ஜூலையில் பொதுக் கூட்டமொன்றில் உயர் பொலிஸ் அதிகாரி மக்கள் முன் மன்னிப்புக் கேட்டார்.

பின்னர் தேம்ஸ் பள்ளத்தாக்குப் பொலிஸின் தலைமை அதிகாரி சாரா தோர்ன்டன் சுயாதீனமாக விசாரித்து அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் அறிக்கை வெளியிட்டார். சட்டக் கட்டுப்பாடுகளுக்குப் பொருந்துமா என்று ஆரம்பத்தில் யோசித்ததற்கே சான்று குறைவு என்றும், நோக்கத்தை நேர்மையாகச் சொல்லாதது மக்களின் நம்பிக்கையைப் பெரிதும் சிதைத்தது என்றும் அவர் கண்டார். கேட்டவர் ஒரு பொலிஸ் அதிகாரி; பதில் சொல்ல வேண்டியிருந்ததும் பொலிஸ். அதனால்தான் அந்த அறிக்கைக்கு எடை வந்தது.

கமராக்களை எதிர்த்தவர்களிடம் அப்போதும் ஒரு வாதம் வைக்கப்பட்டது. நமது நாட்டிலும் டீக்கடையிலிருந்து பாடசாலை ஆசிரியர் அறை வரை கேட்கும் வாதந்தான்: "ஒளிக்கிறத்துக்கு ஒண்டுமில்லாட்டி என்னத்துக்குப் பயப்படோணும்?" இதற்கு விடையை நமது மரபில் தேடிப் பார்ப்போம்.

கட்டிலில் ஏறி நிற்கும் மனிதன்

அல்குர்ஆனின் 49 ஆம் அத்தியாயம் 12 ஆம் வசனம் துருவித் துருவி ஆராய்வதை, தஜஸ்ஸுஸை, தடுக்கிறது. அதே வசனம் முதலில் தவறான எண்ணத்தைப் பற்றிப் பேசிவிட்டு, பிறகு துருவுதலைச் சொல்லி, அதற்குப் பிறகு புறம் பேசுதலைச் சொல்கிறது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். சந்தேகம் கண்காணிப்பைப் பெறுகிறது. கண்காணிப்பு கதையைப் பெறுகிறது. 24 ஆம் அத்தியாயம் 27 ஆம் வசனம் பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லி நுழையச் சொல்கிறது. 58 ஆம் வசனம் ஒரே வீட்டுக்குள்ளும் மூன்று நேரங்களை அந்தரங்க நேரங்களாகக் குறிக்கிறது. வீட்டுத் துவாரத்தினூடாக எட்டிப் பார்த்த ஒருவரை றஸூல் (ஸல்) அவர்கள் கண்டித்ததும், அனுமதி கேட்கும் விதி பார்வைக்காகவே வைக்கப்பட்டது என்று விளக்கியதும் ஸஹீஹுல் புகாரியில் உண்டு. கால் வைத்து நுழைவது மட்டுமல்ல, கண் வைத்து நுழைவதும் நுழைவுதான்.

உமர் (றழி) அவர்களின் காலத்துச் செய்திகள் இரண்டை எடுத்துக்கொள்வோம். இரவில் மதீனாத் தெருக்களில் ரோந்து வந்த கலீபா அவர். பசித்த பிள்ளைகளுக்காக அடுப்பில் வெறும் தண்ணீரை வைத்துக் கொதிக்கவிட்டிருந்த தாயைக் கண்டதும், மாவு மூட்டையைத் தம் தோளில் சுமந்ததும் அந்த ரோந்தின்போதுதான். ஆகவே ஆட்சியாளர் தெருவைக் கவனிப்பது தவறல்ல. அது கடமை. அதே உமர் (றழி) ஓரிரவு ஒரு வீட்டுச் சுவரில் ஏறி உள்ளே பாவம் செய்துகொண்டிருந்த மனிதனைப் பிடித்ததாகவும் ஒரு செய்தியை இமாம் கஸ்ஸாலி (றஹ்) இஹ்யாவில் சொல்கிறார். அந்த மனிதன் பதில் சொன்னான்: நான் செய்தது ஒரு குற்றம், நீங்கள் செய்தவை மூன்று, துருவிப் பார்த்தீர்கள், வாசலால் வராமல் சுவரால் வந்தீர்கள், அனுமதியும் கேட்கவில்லை. கலீபா அதனை ஏற்று அவனைத் தௌபா செய்யச் சொல்லிவிட்டுத் திரும்பினார். கவனியுங்கள், அந்த மனிதனுக்கு ஒளிப்பதற்கு விஷயம் இருந்தது. இருந்தும் அவனது வாதம் எடுபட்டது. அந்தரங்கம் நல்லவனுக்குக் கொடுக்கும் பரிசு அல்ல, மனிதனுக்குள்ள உரிமை. "ஒளிக்கிறத்துக்கு ஒண்டுமில்லாட்டி" என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

மற்றது எகிப்தில் நடந்தது. புஸ்தாத் நகரில் காரிஜா இப்னு ஹுதாபா (றழி) தமது வீட்டின் மேல் ஓர் அறை கட்டினார். அங்கிருந்து அயல்வீடுகள் தெரியும் என்று முறைப்பாடு மதீனாவுக்குப் போனது. உமர் (றழி) ஆளுநர் அம்ர் இப்னுல் ஆஸ் (றழி) அவர்களுக்கு எழுதினார். அந்த அறையில் ஜன்னலுக்குக் கீழே ஒரு கட்டிலைப் போட்டு, நெட்டையும் குட்டையுமில்லாத ஒருவரை அதன் மேல் ஏற்றி நிற்கவையுங்கள். அவருக்கு அயல்வீடு தெரிந்தால் ஜன்னலை அடைத்துவிடுங்கள். தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள் என்பது அந்தக் கட்டளையின் சாரம்.

மாலிக்கி சட்ட அறிஞர்கள் இதனை அடியாகக் கொண்டு அயல்வீட்டைப் பார்க்கும் தீங்கு பற்றிப் பெரிய சட்டப் பகுதியையே வளர்த்தெடுத்தார்கள். தூனிஸ் நகரில் கட்டட நிபுணராக இருந்து நீதிபதிகளுக்கு உதவிய இப்னு றாமி பதினான்காம் நூற்றாண்டில் கட்டடச் சட்டத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். பள்ளிவாசல் மினாராவில் ஏறும் முஅத்தினுக்கு அயல்வீட்டு முற்றங்கள் தெரிந்தால் அதுவும் தடுக்கப்பட வேண்டியதே என்று கைறவானின் ஸஹ்னூன் (றஹ்) தீர்ப்புச் சொன்னதாக அந்த மரபு பதிந்துள்ளது. பாங்கு சொல்வது எவ்வளவு பெரிய அமல்! அந்த நன்மைகூட அயலவரின் முற்றத்தைப் பார்க்க அனுமதிச் சீட்டு ஆகவில்லை.

இந்தச் சோதனையின் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. காரிஜா (றழி) நல்லவரா கெட்டவரா என்று கலீபா விசாரிக்கவில்லை. அவர் பார்க்க எண்ணினாரா என்றும் கேட்கவில்லை. அந்த ஜன்னலால் என்ன தெரிகிறது என்று மட்டும் பார்க்கச் சொன்னார். இன்றைய மொழியில் சொன்னால், வைத்தவரின் நோக்கத்தை அல்ல, கமராவின் பார்வைப் பரப்பை அளந்து பார்ப்பது.

மாவர்தியின் விதிவிலக்கு

அப்படியானால் ஆபத்து வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு இருப்பதா? அப்படியும் இல்லை. ஹிஜ்ரி 450 (கி.பி. 1058) இல் மறைந்த இமாம் மாவர்தி (றஹ்) 'அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா'வில் முஹ்தஸிப் என்ற சந்தை, வீதி ஒழுங்கு அதிகாரியின் எல்லையை வரையறுக்கிறார். வெளியில் தெரியும் தவறு அவருடைய பொறுப்பு. மறைந்திருப்பதைத் துருவுவது அவருடைய வேலை அல்ல. ஒரு வீட்டிலிருந்து தகாத சத்தம் கேட்டால்கூட வெளியில் நின்று கண்டிக்கலாம். உள்ளே பாய்ந்து போக முடியாது. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. நம்பகமான ஒருவர் வந்து, இன்னார் ஒருவரைக் கொல்வதற்காகத் தனிமையில் கொண்டு போயிருக்கிறார் என்று சொன்னால், பிறகு சரிசெய்ய முடியாத தீங்கு நடந்துவிடும் என்பதனால் அப்போது துருவலாம், நுழையலாம்.

இதில் மூன்று நிபந்தனைகள் அடங்கியிருக்கின்றன. தகவல் நம்பகமானதாக இருக்க வேண்டும். தீங்கு திருப்ப முடியாததாக இருக்க வேண்டும். சந்தேகம் குறிப்பிட்ட ஆள்மீதும் இடம்மீதும் இருக்க வேண்டும். சம்பியன் திட்டத்தை இந்தத் தராசில் வைத்துப் பாருங்கள். தீங்கு பெரியதுதான்; அதில் ஐயமில்லை. ஆனால் குறிப்பிட்ட ஆள் இல்லை. இரண்டு ஊர்களே சந்தேக நபர். தகவல் இல்லை, இனிமேல் தகவல் சேர்ப்பதே நோக்கம். மாவர்தியின் வாசலால் அது உள்ளே வர வழியில்லை.

தோர்ன்டன் அறிக்கைக்குப் பின் பிரித்தானியாவும் ஏறத்தாழ இதே திசைக்கு வந்தது. 2012 இல் சுதந்திரங்களைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது. அதன் கீழ் 2013 இல் கண்காணிப்புக் கமராக்களுக்கான நடைமுறைக் கோவை பன்னிரண்டு கோட்பாடுகளுடன் வெளியானது. குறித்த நோக்கம் இருக்க வேண்டும், இயன்றவரை ஒளிவுமறைவு இருக்கக் கூடாது, தேவைக்கு மேல் காட்சிகளை வைத்திருக்கக் கூடாது, யார் பொறுப்பு என்பது தெரிய வேண்டும் என்பவை அவற்றுள் சில. 2020 ஓகஸ்டில் முகத்தை அடையாளம் காணும் கமராக்கள் பற்றி இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் தெற்கு வேல்ஸ் பொலிஸுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எவரைப் பட்டியலில் சேர்ப்பது, எங்கே கமராவை நிறுத்துவது என்பதைப் பொலிஸாரின் விருப்பத்துக்கே அளவுக்கு மீறி விட்டிருந்தது அந்தத் தீர்ப்புக்கு ஒரு காரணம்.

அதே மஹல்லா, 2013

கமராக்களைக் கழற்றி இரண்டு ஆண்டுகள் ஆகும்போது ஸ்பார்க்புரூக்குக்கு அயலிலுள்ள ஸ்மோல் ஹீத்தில் ஒரு கொலை நடந்தது. 2013 ஏப்ரல் 29 இரவு, பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த 82 வயது முதியவர் பின்னாலிருந்து குத்திக் கொல்லப்பட்டார். ஜூனிலும் ஜூலையிலும் வோல்சோல், வுல்வர்ஹாம்ப்டன், டிப்டன் பள்ளிவாசல்களுக்கு அருகே குண்டுகள் வைக்கப்பட்டன. எல்லாவற்றையும் செய்தவன் பாவ்லோ லாப்ஷின் என்ற உக்ரேனிய மாணவன். கமராப் பதிவுகளை மணிக்கணக்காகப் பார்த்துத்தான் பொலிஸார் அவனைப் பிடித்தார்கள். அவனுக்குக் குறைந்தது 40 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது.

'அந்த வளையம் இருந்திருந்தால்' என்று இதைப் பார்த்து ஒருவர் கேட்கலாம். கேட்பது நியாயம். ஆனால் வளையத்தின் பெரும் பகுதி வாகனத் தகடு வாசிக்கும் கருவி. நடந்துவந்து குத்தியவனை அது கண்டிருக்காது. அவனைக் காட்டிக் கொடுத்தவை சாதாரணமாக எல்லோருக்கும் தெரியப் பூட்டப்பட்டிருந்த கமராக்கள். அதைவிட, அந்த வளையம் தேடியது முஸ்லிம்களை; கொலைகாரன் தேடியதும் முஸ்லிம்களைத்தான். ஒரு சமூகத்தைச் சந்தேகத்துக்குரியதாக மட்டும் பார்க்கும் கண், அதே சமூகம் இலக்காகும்போது திரும்பிப் பார்க்கப் பழகியிருக்காது.

பின்னர் 2017 இல் லண்டன் பின்ஸ்பரி பார்க், 2019 இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச், 2024 இல் சவுத்போர்ட் என்று பள்ளிவாசல்களும் தொழுகையாளிகளும் தாக்கப்பட்டபோது பிரித்தானிய முஸ்லிம்களே அரசிடம் கமரா கேட்டார்கள். பள்ளிவாசல்களுக்கென்று தனிப் பாதுகாப்புத் திட்டமும் 2022 இல் வந்தது. 2010 இல் கழற்றச் சொன்னவர்கள் இப்போது பூட்டச் சொல்வது முரண்பாடு அல்ல. 2010 இல் கமரா அவர்களுக்குத் தெரியாமல், அவர்களை நோக்கி வந்தது. இப்போது அவர்கள் அறிய, அவர்களது வாசலைக் காக்க வருகிறது.

நம்மட வாசலில்

இலங்கையிலும் இந்த இரண்டு முகங்களையும் நாம் கண்டோம். 2018 மார்ச்சில் திகனையிலும் சுற்றுப்புறங்களிலும் நமது கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அப்போது சாட்சி சொல்ல ஆள் தயங்கிய இடத்திலும் கமரா தயங்கவில்லை. பொலிஸார் சிலரும் தாக்குதலில் ஈடுபட்டதாக ரொய்ட்டர்ஸ் அந்த மாதமே செய்தி வெளியிட்டது. அதற்கு அடிப்படையாக அமைந்தவை கண்டவர்களின் சாட்சியமும் கமராப் பதிவுகளும். நலிந்தவனுக்குக் கமரா சாட்சியாகும் என்பதை அன்று கண்டோம்.

2019 ஏப்ரல் 21 இல் கட்டுவாப்பிட்டிய தேவாலயத்துக்குள் முதுகுப் பையுடன் ஒருவன் நுழைவது கமராவில் பதிந்தது. பதிந்ததால் அவன் யார் என்று தெரிந்தது, உயிர்கள் தப்பவில்லை. அந்தப் பேரழிவு கமரா குறைவாக இருந்ததால் நடக்கவில்லை. பல நாட்களுக்கு முன்பே வந்த எச்சரிக்கையைப் பொறுப்பானவர்கள் உரியபடி எடுத்துக்கொள்ளவில்லை என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. மாவர்தி சொன்ன அந்த நம்பகமான தகவல் மேசைக்கு வந்திருந்தது, வாசல்தான் திறக்கப்படவில்லை. ஆனால் அதன் சுமை யார் தலையில் விழுந்தது? அந்த மாதம் 29 ஆந் திகதி முகம் மூடுவது அவசரகால விதியால் தடுக்கப்பட்டது. தகவலைக் கையில் வைத்திருந்தவர்களின் தவறுக்கு ஒன்றும் அறியாத பெண்கள் முகத்தைத் திறந்துகாட்ட வேண்டி வந்தது.

இப்போது நமது நகரங்களில் வீதிச் சந்திகளிலும் கடைகளிலும் பாடசாலைகளிலும் கமராக்கள். பள்ளிவாசல்களிலும் வந்துவிட்டன. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு சேகரிப்பவர் நோக்கத்தைக் குறிக்க வேண்டும், அளவோடு எடுக்க வேண்டும், தேவை முடிந்ததும் வைத்திருக்கக் கூடாது என்கிறது. ஆனால் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்கத்துக்கென்று தனியான உறுப்புரை இன்னும் இல்லை. ஆகவே அரசிடம் கேட்க நமக்கு நிறைய இருக்கிறது. எந்தச் சந்தியில் கமரா, யார் பொறுப்பு, காட்சி எத்தனை நாள் இருக்கும், எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேட்பது தேசத் துரோகம் அல்ல. ஸ்பார்க்புரூக் மக்கள் கேட்டதும் அவ்வளவுதான்.

கேட்பதற்கு முன் நமது வீட்டையும் ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும். பள்ளி நிர்வாக சபை கமரா பூட்டினால் அது உண்டியலையும் வாசலையும் பார்க்கிறதா, ஹவ்ழடியில் வுழு எடுப்பவரையும் பெண்கள் பகுதிக்குப் போகும் வழியையும் சேர்த்துப் பார்க்கிறதா? மத்ரஸா விடுதியில் பிள்ளைகள் உறங்கும் இடத்தில் கமரா தேவையா? பக்கத்து வீட்டுக் கிணற்றடி அதில் விழுகிறதா? கடவுச்சொல் எத்தனை பேரின் கைபேசியில் இருக்கிறது? யார் யார் தொழ வந்தார், யார் வரவில்லை என்று அதைப் பார்த்துச் சந்தியில் கதைக்கிறார்களா? களவு பிடிக்க வைத்த கமராவில் பதிந்த ஒரு பிள்ளையின் முகம் வட்ஸ்அப்பில் ஊர் சுற்றினால், 49 ஆம் அத்தியாயம் சொன்ன சந்தேகம், துருவல், புறம் என்ற அந்த மூன்றும் ஒரே நாளில் நடந்து முடிந்துவிடும்.

இவற்றுக்குப் பெரிய செலவு எதுவும் வேண்டாம். கமரா இருப்பதை எல்லோருக்கும் தெரியும்படி எழுதி ஒட்டுவது. பொறுப்பாளர் ஒருவரை நியமித்து மஹல்லாவுக்கு அறிவிப்பது. காட்சிகளை எத்தனை நாளில் அழிப்பது என்று கூட்டக் குறிப்பில் பதிவது. காட்சியை யாருக்குக் கொடுத்தாலும் எழுத்தில் கொடுப்பது. கமரா பூட்டிய அன்றே நிர்வாக சபையினரும் அயல்வீட்டுக்காரரும் ஒன்றாக அதன் திரைக்கு முன் அமர்ந்து, என்ன தெரிகிறது என்று பார்த்து, தெரியக் கூடாதது தெரிந்தால் கோணத்தைத் திருப்பிவிட வேண்டும். புஸ்தாத்தில் கட்டிலைப் போட்டு ஆளை ஏற்றிப் பார்க்கச் சொன்னதும் இதற்காகத்தான்.